சிவப்பு, நீலம், சிவப்பு

பைலகுப்பேயில் எங்கள் அகதி முகாமில் எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு மாங்கன்று நின்றது. எங்கள் வாசலில் மட்டும் வெறும் செம்மண். அந்த வெறும் மண்ணுக்காக நானும் என் புருஷன் சம்பெலும் போட்ட சண்டையை அந்த நாளில் அக்கம்பக்கத்தார் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள்.

"காய்க்க அஞ்சு வருஷம் ஆகும்னு மோர்க்காரி புட்டம்மா சொல்றா. அஞ்சு வருஷம் இங்கேயே கிடக்கப் போறோம்னு நீயா முடிவு பண்ணிட்டியா?" என்பேன்.

"காய் இல்லாட்டி போகுது, யூடோன். நிழலாவது கிடைக்கும்ல."

"நிழல் வேணும்னா குடையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவன் சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷமே அவன் ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையை மழித்து, லுங்கி கட்டிக்கொண்டு, வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாகத் தின்ன ஆரம்பித்துவிட்டான். நான் ஒரு கையை மட்டும் அங்கியிலிருந்து உருவிவிட்டு, வேர்வை முதுகில் வழிய வழிய நடந்தேன். கழற்றிப் போட்டால் மறுபடி போட்டுக்கொள்ள மாட்டேனோ என்று எனக்குப் பயம்.

எங்களுக்கு ஒரே பெண். பெயர் மேதோக். அவள் எங்களோடு இல்லை.

எங்கள் ஊர் வடக்கே, மலைகளுக்கும் மேலே, மரமே இல்லாத மேட்டுநிலம். பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் கரையில்தான் எங்கள் கூடாரம், சடைமாடுகள், ஆடுகள். சிப்பாய்கள் நுழைந்து, சண்டை எங்கள் பக்கம் வந்தபோது அது இலையுதிர் காலம். மேதோக்குக்கு அம்மை போட்டிருந்தது. காய்ச்சலோடு கணவாயைத் தாண்டினால் பிள்ளை பிழைக்காது என்று என் தங்கை சோஸோம் சொன்னாள். அவள் புருஷனின் கிழட்டு அப்பா நடக்க முடியாதவர், அதனால் அவர்கள் எங்கும் போவதாக இல்லை. ஒரு குளிர்காலம்தானே, பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போய் வசந்தத்தில் திரும்பிவிடலாம் என்று எல்லாருமே நினைத்தோம். பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

கிளம்பும்போது ஏரி வாத்துகளும் கிளம்பிக்கொண்டிருந்தன. குளிர் வந்தால் அவை கூட்டமாக எழுந்து தெற்கே பறந்துவிடும், பனி உருகும்போது திரும்பி வரும். மேதோக் படுத்தபடியே கூடாரத்தின் புகைப்போக்கித் திறப்பு வழியாக அவற்றைப் பார்த்தாள்.

"நீ எப்ப வருவே?" என்று கேட்டாள்.

"வாத்து திரும்பி வருதுல்ல, அப்ப அம்மாவும் வந்துடுவேன்."

"எந்த வாத்து? முதல் வாத்தா, கடைசி வாத்தா?"

அப்படித்தான் கேட்பாள். எதையும் மேலோட்டமாகச் சொல்லி அவளிடம் தப்பிக்க முடியாது. "முதல் வாத்து" என்று சொன்னேன். அதன் பிறகு எல்லைக் கணவாய்கள் அடைபட்டன. எங்களை ரயிலில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் இந்த மூங்கில் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

இந்த ஊரின் சூட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சம்பெல் எழுந்து போய்விடுவான். வெண்ணெய் இங்கே வெண்ணெயாக இருக்காது, எண்ணெயாக ஓடும். சாமிக்கு வெண்ணெய் விளக்கு வைத்தால் திரி சாய்ந்து மிதக்கும். மழை வந்தால் அட்டைகள், மழை விட்டால் கொசுக்கள். யானையை நாங்கள் கோயில் சுவரில் படமாகத்தான் பார்த்திருந்தோம், அதுவும் வெள்ளையாக, முதுகில் ரத்தினத்தோடு. முதல் தடவை சோளக்காட்டுக்கு நிஜ யானை வந்தபோது எங்கள் ஆட்களில் பாதிப் பேர் விழுந்து கும்பிட்டார்கள், பாதிப் பேர் ஓடினார்கள். கும்பிட்டவர்கள் சோளமும் போயிற்று, ஓடியவர்கள் சோளமும் போயிற்று. பாம்பு விஷயத்தில் மட்டும் எங்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் சண்டையில்லை. நாங்களும் அதை அடிக்க மாட்டோம், அவர்களும் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள்.

அதையெல்லாம் நான் சகித்துக்கொண்டேன், ஏனென்றால் நான் இங்கே தங்க வந்தவள் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, சடைமாட்டு மயிரில் நெய்த பை ஒன்று கட்டியபடியே இருந்தது. எல்லை தாண்டும்போது முதுகில் சுமந்துவந்தது. அதில் மேதோக்கின் சின்ன தோல் பூட்ஸ், அவளுடைய ஆட்டுக்குட்டித் தொப்பி, கன்றுகளின் காதில் கட்டுவதற்காக நான் முறுக்கி வைத்திருந்த குஞ்சங்கள். பையின் முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. கூப்பிட்டால் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான் பாக்கி. வருஷம் போனதே தவிர யாரும் கூப்பிடவில்லை.

புட்டம்மா பக்கத்துக் கிராமத்துக்காரி. மோர் கொண்டுவந்து விற்பாள். எனக்குக் கன்னடம் அரைகுறை, அவளுக்கு என் பேச்சு சுத்தமாகப் புரியாது, ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவோம். அவளுடைய கைக்குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தேன். அதற்குப் பதில் செய்ய வேண்டும் என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எங்கள் புத்தாண்டுக்கு முந்தின நாள் மூடிய கூடை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு உங்க பண்டிகைதானே? நல்லா சமைச்சுச் சாப்பிடுங்க. என் தம்பி ஊர் ஏரியில வலை போட்டுப் பிடிச்சது. கொழுத்த உருப்படி."

கூடையைத் திறந்தாள். கால்கள் கட்டப்பட்ட ஒரு வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்னால் மைக்கோடு போல இரண்டு கறுப்புப் பட்டைகள். அது என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் ஏரி வாத்து. அதே தலை, அதே மஞ்சள் கால், கோபம் வந்தால் கழுத்தை நீட்டிச் சீறுகிற அதே சீறல். நான் அதைக் கையில் தூக்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

புட்டம்மா வெலவெலத்துப் போனாள். "ஐயோ சம்பெலண்ணா, இங்க வாங்க! என்ன தப்பு பண்ணேன் நான்? மாட்டுக்கறியே தின்றவங்க வாத்து தின்ன மாட்டாங்களா?"

சம்பெல் ஓடி வந்தான். வாத்தைப் பார்த்ததும் அவனும் அதன் முன்னால் குந்திவிட்டான். பிறகு அவன்தான் அவளுக்குச் சொன்னான். "ஒரு சடைமாட்டை அறுத்தா ஒரு குடும்பம் குளிர்காலம் பூரா சாப்பிடும், புட்டம்மா. இதை அறுத்தா ஒரு வேளைக் குழம்பு. உயிர் ரெண்டுக்கும் ஒண்ணுதானே. அதனால பறவை, மீன் எல்லாம் நாங்க தொடுறதில்லை."

"அதுக்காகவா இவங்க இப்படி அழறாங்க?"

"இல்ல. இது எங்க ஊர்க்காரி."

புட்டம்மா வாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது வருஷா வருஷம் வரும் அண்ணா. பனிக்காலத்துல ஏரி முழுக்க இதுதான். வெயில் ஏறினா கிளம்பிப் போயிடும். எங்கே போகுதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கே வருகிறது என்பதுதான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு குளிருக்கும் மேதோக்கின் ஏரியிலிருந்து எழுந்து, மலைகளைத் தாண்டி, நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. நான் இங்கே அட்டையைத் திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் அவை திரும்பிப் போயிருக்கின்றன. அவள் கரையில் நின்று பார்த்திருப்பாள். முதல் வாத்து வந்தாயிற்று, கடைசி வாத்தும் வந்தாயிற்று, அம்மாவைக் காணோம். நான் வாக்குக் கொடுத்தபடி வாத்துகள் தவறாமல் போயின, நான்தான் போகவில்லை.

புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில் யாரும் ஆடவில்லை, பாடவில்லை. வாத்து கோழிக்கூண்டில் உட்கார்ந்து நான் வைத்த ராகியைத் தின்றது. வலை அறுத்த காலில் சம்பெல் மஞ்சள் பற்றுப் போட்டான். இறகில் ஒரு குறையும் இல்லை.

"இறகை வெட்டிடலாம்," என்றேன்.

"என்னது?"

"கொஞ்சமா, நுனியை மட்டும். கோழிகளோட கோழியா இருக்கட்டும். எனக்குன்னு அங்கேருந்து வந்தது இது ஒண்ணுதான். நான் வச்சுக்கிறேன்."

சம்பெல் பற்றுப் போட்ட கையைத் துடைத்துக்கொண்டே, "வெட்டலாம். ஆனா ஏரிக்கு ஒரு வாத்து குறையும். அவ எண்ணுவா" என்றான்.

அவன் மேதோக்கின் பெயரை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அவளைப் பற்றி நான் எடுத்தாலும் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவான். அவனுக்கு மறந்துவிட்டது என்றுகூட நான் அவனைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெரிந்தது, அவனும் ஒவ்வொரு நாளும் அந்தக் கரையில்தான் நின்றுகொண்டிருக்கிறான் என்று.

அவள் எண்ணுவாள் என்பது உண்மை. பத்துக்கு மேல் தெரியாது, பத்து பத்தாக ஒரு கல்லை எடுத்து வைத்து எண்ணுவாள். ஒவ்வொரு வாத்தையும் தனித்தனியாகப் பார்க்கிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஒன்றை அனுப்ப முடிந்தால் போதும் என்று தோன்றியது. எங்கள் மேட்டுநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காதுக் குஞ்சம் உண்டு. மாடு எங்கே போய் யார் மந்தையில் கலந்தாலும் குஞ்சத்தின் நிறத்தைப் பார்த்து இன்னார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்குச் சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு. வேறு எவருக்கும் அந்த வரிசை கிடையாது. மேதோக் நடக்கப் பழகும் முன்பே குஞ்சம் பார்த்து மாடு பிரிக்கப் பழகியவள்.

நான் எழுந்துபோய்ப் பையின் முடிச்சை அவிழ்த்தேன்.

கையை உள்ளே விட்டதும் மண் வந்தது. ஈர மண். பையைத் தூக்கினால் அடிப்பக்கமே இல்லை, சுவரோடும் தரையோடும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கறையான் ஓடியது. பூட்ஸில் ஒரு வாரும் ஒரு துண்டுத் தோலும் மிச்சம். தொப்பி இருந்த இடத்தில் ஒரு கை மண்.

எங்கள் ஊரில் கறையான் கிடையாது. தொங்கவிட்ட ஆட்டுத்தொடை இரண்டு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். பாட்டன் கட்டிவைத்த மூட்டையைப் பேரன் அவிழ்த்தால் பாட்டன் வைத்தபடியே கிடைக்கும். குளிர் எதையும் கெட விடாது. கட்டி வைத்தால் கெடாது என்று நம்பி, இந்த ஊர் மண்தரையில் ஒரு பையை வருஷக்கணக்கில் அசைக்காமல் வைத்த முட்டாள் எங்கள் சனத்தைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? மோர் கொண்டுவந்த புட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க எதையும் அப்பப்ப எடுத்து வெயில்ல காட்டணும். கட்டியே வச்சா மண்ணுதான் தின்னும்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

குஞ்சங்கள் மட்டும் ஒரு தகர டப்பாவில் இருந்ததால் பிழைத்தன. ஒன்றை எடுத்தேன். இன்னும் அடுப்புப்புகை வாசம் அடித்தது. முகர்ந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாத்தின் கால் ஆறியதும் பஸ்ஸில் ஏறினோம். மைசூர்ப் பக்கம் புட்டம்மாவின் தம்பி ஊருக்கு. கூடையைப் பார்த்த கண்டக்டர், "வாத்துக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான்.

"எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரிஞ்சா உங்கிட்ட டிக்கெட்டே இருக்காது, போ" என்றேன் என் அரைகுறைக் கன்னடத்தில். பஸ்ஸே சிரித்தது.

ஏரிக்கரை ஏறுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. அந்த மூக்கடைத்த குரல், நூற்றுக்கணக்கில். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் பனி உடைந்துவிட்டது என்று அர்த்தம், பிள்ளைகள் கூடாரத்தை விட்டு வெளியே ஓடுவார்கள். இங்கே அதே சத்தம் கரும்புக்காட்டுக்கும் தென்னைக்கும் நடுவே, கொளுத்துகிற வெயிலில் கேட்டது. அவை அந்தச் சூட்டில் ஒன்றும் குறையில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. நான் ஆட்டுத்தோல் அங்கியில் வேர்த்து வழிந்துகொண்டு நின்றேன்.

சம்பெல் வாத்தைப் பிடித்துக்கொண்டான். நான் அதன் காலில் குஞ்சத்தைக் கட்டினேன். இறுக்கமாக இருந்தால் காலை அறுக்கும், தளர்ந்தால் வழியில் விழும். கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற முடிச்சையே போட்டேன்.

"ஏதாவது சொல்லி அனுப்பேன்," என்றான் சம்பெல்.

எத்தனையோ சொல்ல இருந்தது. "பொண்ணு ஒல்லியா இருந்தா சோஸோமைத் திட்டிட்டு வா" என்று வாத்திடம் சொன்னேன். சம்பெல் கையை விட்டான். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி, கூட்டத்துக்குள் போய்விட்டது. கொஞ்ச நாளில் ஏரி காலி என்று புட்டம்மா வந்து சொன்னாள்.

அந்த வசந்தம் முழுக்க நான் வடக்கே பார்த்தபடியே திரிந்தேன். சோளத்துக்குக் களை எடுக்கும்போது, இப்போது கங்கையைத் தாண்டியிருக்கும் என்பேன். மோர் கடையும்போது, இப்போது கணவாய் என்பேன். சம்பெல் ஒரு நாள், "அது போய்ச் சேர்ந்து முட்டையே போட்டிருக்கும். நீ கொஞ்சம் குழம்பை இறக்கு, அடி பிடிக்குது" என்றான்.

அடுத்த குளிரில் ஏரிக்குப் போனோம். எங்கள் வாத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு அடுத்த குளிரில் பார்த்தேன். கரையோரம் வயலில் மேய்ந்துகொண்டிருந்தது. குஞ்சம் வெளுத்து, நைந்து, சிவப்பு எது நீலம் எது என்று நான் மட்டுமே சொல்லக்கூடியதாக இருந்தது. ஆனால் நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

"யாரும் அவிழ்க்கலை," என்றேன்.

"பறக்கிற வாத்தைப் பிடிச்சு அவிழ்க்க அவ என்ன நரியா?"

"பார்த்திருந்தா எப்படியாவது பிடிச்சிருப்பா. உனக்கு அவளைத் தெரியாது. பார்க்கலை. இல்லேன்னா பார்க்கிறதுக்கு அவ அங்க இல்லை."

சம்பெல் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அந்த வாத்தை நாங்கள் பார்க்கவில்லை, நானும் ஏரிக்குப் போவதை விட்டுவிட்டேன். புட்டம்மா அந்த மழைக்கு ஒரு மாங்கன்று கொண்டுவந்தாள். அதை வாங்கி நடாமல் கொல்லையில் ஒரு தகரத்தில் போட்டு வைத்தேன். அவளிடம் முடியாது என்று சொல்லவும் எனக்கு அப்போது தெம்பு இல்லை. சம்பெல்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் முகாமுக்குப் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் தார்கே. மேற்குக் கணவாய் வழியாகப் போன வருஷம் தப்பி வந்து, எங்கெங்கோ சாலை வேலை செய்துவிட்டு, சொந்தக்காரனைத் தேடி இங்கே வந்தவன். ஆட்டுத்தோல் அங்கியைக் கழுத்து வரை கட்டிக்கொண்டு, முகம் தக்காளியாகச் சிவந்து, எங்கள் வாசலில் வந்து விழுந்தான். பையன்கள் எல்லாம் சுற்றி நின்று கேலி செய்தார்கள்.

"முதல்ல அதைக் கழட்டுடா. செத்துப் போயிடுவே," என்றேன். சம்பெல் என்னையும் என் அங்கியையும் ஏற இறங்கப் பார்த்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

உப்புப் போட்ட மோர் கொடுத்தேன். இரண்டு செம்பு குடித்தான். குடித்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. அவன் நன்றாகப் பேசுகிறவன், கூட்டம் சேர்ந்தால் இன்னும் நன்றாகப் பேசுகிறவன். வழியில் பட்ட பாட்டையெல்லாம் கதையாகச் சொன்னான். யாரோ ஒரு பையன் அவன் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டி, "இது சிப்பாய் அடிச்சதா அண்ணா?" என்று கேட்டான்.

"சிப்பாய் அடிச்சிருந்தா பெருமையா சொல்லிக்குவேனே! இது ஒரு பொண்ணு அடிச்சது. சின்னப் பொண்ணு." தார்கே சிரித்தான். "நாங்க வர்ற வழியில ஒரு பெரிய ஏரி. அங்க ஒரு கூடாரத்துல சித்தியோட இருக்கு. ஊரே அதைக் கிறுக்குன்னு சொல்லுது. அதுக்குக் கிடைக்கிறதே ஒரு கை மாவு. அதுல பாதியைக் கொண்டுபோய்க் கரையில வாத்துக்கு வைக்குது. எங்களுக்கு மூணு நாளாப் பட்டினி. மாவு சும்மா கிடக்கேன்னு நான் குனிஞ்சு ஒரு சிட்டிகை எடுத்தேன். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலை, கவண்ல வச்சு விட்டா பாரு ஒரு கல்லு! ரத்தம் கொட்டுது, அவ பக்கத்துல வந்து நின்னு என்னைத் திட்டறா."

"என்ன சொல்லித் திட்டினா?" என்று கேட்டேன்.

"அதைச் சொன்னா சிரிப்பீங்க. 'அதைத் தொடாதே, அவங்க எங்கம்மா வீட்டிலேருந்து வந்திருக்காங்க'ன்னா."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பெல் சிரிக்கவில்லை. அவன் கையில் இருந்த செம்பு கீழே விழுந்து மோர் மண்ணில் ஓடியது.

"அவ சித்திகிட்டே கேட்டேன், என்னம்மா இதுன்னு," என்று தார்கே மேலே சொன்னான். "ஒரு வசந்தத்துல ஒரு வாத்து கால்ல ஏதோ நூலைக் கட்டிக்கிட்டு வந்துச்சாம். எங்க வீட்டு நிறம், எங்க வீட்டு நிறம்னு இந்தப் பொண்ணு கரையெல்லாம் ஓடிச்சாம். நிஜமான்னு யாருக்குத் தெரியும். அன்னிலேருந்து யார் கேட்டாலும் எங்கம்மா வீடு தெற்கே இருக்கு, வாத்து எல்லாம் அங்கதான் குளிருக்குத் தங்குதுன்னு பெருமை பீத்திக்குதாம்."

நான் எழுந்து அவன் பக்கத்தில் போனேன். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெயில் பக்கம் திருப்பினேன். புருவத்துக்கு மேலே, நெற்றியில், விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தேன். என் பிள்ளையின் கை எறிந்த கல் பட்ட இடம். கவண் சுற்ற நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், முழங்கையை மடக்காதே, மடக்கினால் மேலே போகும் என்று. இன்னும் கொஞ்சம் மடக்குகிறாள் போலிருக்கிறது. கண்ணில் படாமல் அவனைக் காப்பாற்றியது அதுதான்.

"என்னக்கா?" என்று தார்கே மிரண்டு போய்க் கேட்டான்.

"ஒல்லியா இருக்காளா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். சம்பெலைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "உயரம்க்கா," என்றான் கடைசியில். "ஒல்லிதான். ஆனா நல்ல உயரம்." கொஞ்சம் பொறுத்து, "கல்லு பட்ட அப்புறம் அவளேதான் சாம்பல் வச்சுக் கட்டியும் விட்டா" என்று மெதுவாகச் சொன்னான்.

யார் யாரோ என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சம்பெல் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் வாசற்படியில் உட்கார்ந்து, மழித்த தலையைக் கையால் பிடித்துக்கொண்டு, "மேதோக், மேதோக்" என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

கூட்டம் கலைந்த பிறகு நான் எங்கள் வீட்டைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து அதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு இல்லை. சன்னலில் ஒரு சாக்கு தொங்கியது. வாசலில் ஒரு செடி இல்லை, வெயில் நேராக உள்ளே விழுந்தது. கதவுக்குப் பக்கத்தில் பை இருந்த இடத்தில் கறையான் தின்ற தடம் அப்படியே இருந்தது. ஆயிரம் மலைக்கு அப்பால் ஒரு பெண் தன் மாவில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, எங்கம்மா வீடு, எங்கம்மா வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வீடு இதுதான்.

அங்கியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். கழற்றி மடித்துக் கொடியில் போட்டேன், வெயில் நன்றாகப் படும்படி. காற்று முதுகில் பட்டது. கொல்லைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து வாசலில் வெட்ட ஆரம்பித்தேன்.

சம்பெல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். கையில் அந்த மாங்கன்று, தகரத்தோடு. "சாயங்காலம் நடலாமே யூடோன். இந்த வெயில்ல எதுக்கு?" என்றான்.

"அவ அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டணும், நகரு."